குழிக் கணக்கும் செம்பனைக் காடும்



செரண்டா, ரவாங், பத்தாங் காலி தொடங்கிக் கோல சிலாங்கூர் வரையுள்ள தோட்டப்புறங்களில் 'ஏக்கர்' என்ற சொல்லை அறியாதவர் இருக்க மாட்டார்கள். புல் வெட்டினாலும், மருந்து அடித்தாலும், உரம் போட்டாலும், "இன்றைக்கு எத்தனை ஏக்கர் முடிந்தது?" என்பதே கேள்வி. ஒப்பந்த வேலை என்றால், அந்த எண்ணை வைத்துத்தான் கூலி. அந்தக் காட்டை அடி அடியாக நடந்து பார்த்தவர் தொழிலாளி. ஆனால் அது இத்தனை ஏக்கர் என்ற எண் அலுவலகத்திலிருந்து வரும். கிராணியின் பேரேட்டில் எழுதியதுதான் கணக்கு. சரிதானா என்று பார்க்க வழி தெரியாதவர் தலையாட்டிவிட்டு வரவேண்டியதுதான்.

வழி தெரியாமல் போனதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. நிலத்தை அளந்து பரப்புச் சொல்லும் கணக்கு நம் முன்னோரிடம் நன்றாகவே இருந்தது. திண்ணைப் பள்ளியில் சிறுவர்கள் அதை வாய்ப்பாடாகவே ஒப்பித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு பகுதியை, அதாவது எல்லாப் பக்கமும் சமமாக உள்ள வடிவங்களின் பரப்பைக் காணும் முறையை, அது வளர்ந்த வரலாற்றோடு சேர்த்து இன்று காண்போம். பென்சிலும் ஒரு தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லாப் பக்கங்களும் ஒரே நீளம், எல்லா மூலைகளும் ஒரே கோணம். இப்படி அமைந்த வடிவத்தை ஒழுங்குப் பலகோணம் என்கிறோம். மூன்று பக்கம் இருந்தால் சமபக்க முக்கோணம். நான்கு பக்கம் இருந்தால் சதுரம். ஆறு பக்கத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் லாரிச் சக்கரத்தை இறுக்கும் ஆறுபட்டை நட்டைப் பாருங்கள். தேன்கூட்டின் அறையைப் பாருங்கள். எட்டுப் பக்கத்துக்குக் கோயில் மண்டபத்தின் எட்டுப்பட்டைத் தூண் இருக்கிறது.

பக்கங்கள் சமமாக இருந்தால் போதாதா, கோணமும் ஏன் சமமாக இருக்கவேண்டும் என்று ஒரு மாணவன் கேட்கலாம். நல்ல கேள்வி. பத்து அடி நீளமுள்ள நான்கு மூங்கில்களை எடுத்து, நான்கு மூலைகளிலும் கயிற்றால் கட்டித் தரையில் கிடத்துங்கள். மூலைகள் நேராக இருக்கும்போது அது சதுரம். பரப்பு 100 சதுர அடி. இப்போது ஒரு மூலையைப் பிடித்து மெல்லச் சாய்த்துத் தள்ளுங்கள். மூங்கில்களின் நீளம் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் இடம் சுருங்குகிறது. எதிரெதிர் மூங்கில்களுக்கு இடையிலுள்ள நேர் அகலம் எட்டு அடியாகும்வரை சாய்த்தால் பரப்பு 80 சதுர அடிதான். இன்னும் தள்ளினால் நான்கு மூங்கில்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பரப்பே இராது. ஆகவே பக்கத்தை மட்டும் அளந்து பரப்பைச் சொல்ல முடியாது.

இந்த உண்மையை மறந்ததால் உலகில் பல உழவர்கள் நட்டப்பட்டிருக்கிறார்கள். நான்கு பக்க நிலம் என்றால், எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதிகளையும் பெருக்கிவிடுவது பல நாடுகளில் நெடுங்காலம் இருந்த வழக்கம். எகிப்து நாட்டில் எட்ஃபு கோயில் சுவரில், கோயில் நிலங்களின் பரப்பு இந்த முறையில்தான் கணக்கிடப்பட்டு வெட்டப்பட்டிருக்கிறது. நாம் சாய்த்த மூங்கில் சட்டத்துக்கு இந்த முறை இன்னமும் 100 சதுர அடி என்றே சொல்லும். உண்மையோ 80. இந்த முறை ஒருபோதும் பரப்பைக் குறைத்துச் சொல்லாது; நேரான நீள்சதுரத்துக்கும் சதுரத்துக்கும் சரியாகச் சொல்லும், மற்றவற்றுக்குக் கூட்டியே சொல்லும். பரப்புக்கு ஏற்ப வரி கட்டுகிறவன் அங்கே இல்லாத நிலத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறான். இந்திய நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிய நூலில், இந்த முறையைப் 'பருமட்டான கணக்கு' என்று தனியாகவும், நுட்பமான கணக்கைத் தனியாகவும் பிரித்துக் கூறினார். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்று அன்றே எழுதி வைத்துவிட்டார்.

ஒழுங்குப் பலகோணத்தில் இந்தத் தொல்லை இல்லை. பக்கமும் கோணமும் சமம் என்று உறுதியானால், அதன் பரப்பைச் சொல்ல ஒரே ஒரு விதி போதும். அந்த விதியை நாமே கண்டுபிடிப்போம்.

ஓர் ஆறுகோணத்தை வரைந்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கோடு இழுத்தால் ஆறு முக்கோணங்கள் கிடைக்கும். ஆறும் ஒரே அளவு. முக்கோணத்தின் பரப்பு, அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்குவது என்பது பள்ளியில் படித்ததுதான். இங்கே அடிப்பக்கம் ஆறுகோணத்தின் ஒரு பக்கம். உயரம் என்பது நடுப்புள்ளியிலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராக விழும் கோடு. இதை நடுச்செங்குத்து என்று அழைப்போம். ஆறு முக்கோணங்களையும் கூட்டினால் ஆறு அடிப்பக்கங்கள் சேர்ந்து முழுச் சுற்றளவு ஆகிவிடுகின்றன. எனவே,

பரப்பு = சுற்றளவில் பாதி × நடுச்செங்குத்து.

முக்கோணம் ஆறாக இருந்தால் என்ன, எட்டாக இருந்தால் என்ன, நூறாக இருந்தால் என்ன? விதி மாறாது. சதுரத்தில் சோதித்துப் பாருங்கள். பக்கம் 10 அடி. சுற்றளவு 40, அதில் பாதி 20. நடுவிலிருந்து பக்கத்துக்கு 5 அடி. இருபதை ஐந்தால் பெருக்க 100. சரியாக வந்துவிட்டது.

நடுச்செங்குத்தை அளப்பதும் கடினம் அன்று. பக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே நேராகக் கயிறு பிடித்து அந்த அகலத்தில் பாதி எடுத்தால் போதும். ஒற்றைப்படையாக இருந்தால், ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குக் கயிறு கட்டுங்கள். கயிறுகள் சந்திக்கும் இடமே நடுப்புள்ளி.

இந்த விதி ஒரு நடைமுறை உண்மையையும் சொல்லித் தருகிறது. வீட்டுக் கோழிகளுக்குக் கூண்டு கட்ட 60 அடிக் கம்பிவலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வடிவில் கட்டினாலும் சுற்றளவில் பாதி 30 அடி. எனவே பரப்பு நடுச்செங்குத்தை மட்டுமே பொறுத்தது. முக்கோணமாகக் கட்டினால் பரப்பு 173 சதுர அடி. சதுரமாகக் கட்டினால் 225. ஆறுகோணமானால் ஏறத்தாழ 260. எண்கோணமானால் 271 அல்லது 272. பன்னிரண்டு கோணமானால் 280. பக்கங்கள் கூடக் கூட, அதே வலைக்குள் இடமும் கூடிக்கொண்டே போகிறது. இது எங்கே போய் நிற்கும்? பக்கங்கள் எண்ணற்றவையாகி, மூலைகளே மறைந்து, கூண்டு வட்டமாகும்போது நிற்கும். அப்போது பரப்பு 286 சதுர அடிக்குச் சற்று மேல். அதற்கு மேல் ஒரு கோழிக்கும் இடம் கிடைக்காது.

இங்கேதான் நம் தமிழ்க் கணக்கு நூல் நம்மைச் சந்திக்கிறது.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுத்துக் கற்ற பிள்ளைகள், எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று அடுத்தடுத்துக் கணக்கு படித்தார்கள். அவற்றோடு 'குழிமாத்து' என்ற சுவடியும் உண்டு. நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக் குழி சொல்லும் வாய்ப்பாடு அது. குழி என்றால் பள்ளம் என்று நினைக்காதீர்கள். அளவுகோல் ஒன்றின் நீளமும் அகலமும் கொண்ட சதுர நிலமே ஒரு குழி. 12 அடிக் கோல் என்றால் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு மா என்பது ஓர் ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு; ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். கோல் ஊருக்கு ஊர் மாறியது. கோல் மாறினால் குழியும் மாறும். அதனால்தான் தமிழகத்துக் கோயில்கள் சிலவற்றின் கற்சுவரில் நில அளவுகோலின் நீளத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். கல்லில் வெட்டிய கோலை யாரும் நீட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இந்த நிலக் கணக்குகளைச் செய்யுளாகத் திரட்டித் தந்த நூல் கணக்கதிகாரம். காரி நாயனார் இயற்றியது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் அதை அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றை அளக்கும் கணக்குகள் அதில் உள்ளன. வட்டமான நிலத்துக்குக் குழி காண அந்நூல் ஒரு விதி சொல்கிறது. வட்டத்தின் சுற்றளவில் பாதியை எடுத்து, விட்டத்தில் பாதியால் பெருக்கு. குழி வந்துவிடும் என்பது அதன் கருத்து.

இதை நாம் சற்று முன் கண்டுபிடித்த விதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறுகோணத்துக்கு, சுற்றளவில் பாதி பெருக்கல் நடுச்செங்குத்து. வட்டத்துக்கு, சுற்றளவில் பாதி பெருக்கல் விட்டத்தில் பாதி. வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரம் விட்டத்தில் பாதிதானே? இரண்டும் ஒரே விதி. பலகோணத்துக்கு ஒன்று, வட்டத்துக்கு வேறொன்று என்று இரண்டு வாய்ப்பாடுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பலகோணம் வளர்ந்து வட்டமாகிறது. விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

இது தமிழருக்கு மட்டும் தெரிந்த இரகசியம் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்து வீட்டுச் சீனச் சகோதரர்களின் பழைய கணித நூலான 'ஒன்பது அதிகாரங்கள்' என்ற நூலிலும் இதே விதி இதே போலவே இருக்கிறது. வடமொழியில் ஆரியபட்டர் கி.பி. 499இல், தம் 23ஆம் வயதில் இயற்றிய ஆரியபட்டீயத்திலும் இருக்கிறது. நிலத்தை உழுது, அளந்து, வரி கட்டிய மக்கள் எங்கெல்லாம் வாழ்ந்தார்களோ, அங்கெல்லாம் இந்த அறிவு முளைத்திருக்கிறது.

வட்டத்துக்கு இந்த விதி எப்படிப் பொருந்துகிறது என்பதைச் சமையலறையிலேயே காணலாம். கணேச தைவஞ்ஞர் என்ற அறிஞர் 1545இல் எழுதிய உரை ஒன்றில் இதற்கு வழி காட்டியிருக்கிறார். நாம் அதைத் தோசையில் செய்து பார்ப்போம். வட்டமான தோசையை நடுப்புள்ளி வழியாகப் பதினாறு துண்டுகளாக வெட்டுங்கள். எட்டுத் துண்டுகளைக் கூர் மேலே பார்க்கும்படி வரிசையாக வையுங்கள். மீதி எட்டை, கூர் கீழே பார்க்கும்படி இடைவெளிகளில் செருகுங்கள். இரண்டு வாள்களின் பற்கள் கோத்துக்கொண்டது போல் அமையும். உருவம் ஏறத்தாழ ஒரு நீள்சதுரம். அதன் நீளம் தோசையின் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. துண்டுகள் மெலிய மெலிய நீள்சதுரம் நேராகிக்கொண்டே வரும். கணக்கு முடிந்தது, தோசையைச் சாப்பிட்டுவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வட்டத்தின் விட்டத்தை அளப்பது எளிது. வளைந்த சுற்றளவைச் சரியாக அளப்பது எப்படி? விட்டத்தைப் போல் சுற்றளவு எத்தனை மடங்கு? இந்தக் கேள்விக்கு விடை காண, உலகத்து அறிஞர்கள் நம் ஒழுங்குப் பலகோணத்தையே ஏணியாகப் பயன்படுத்தினார்கள்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், வட்டத்துக்குள் ஓர் ஆறுகோணத்தையும் வெளியே ஓர் ஆறுகோணத்தையும் வரைந்தார். வட்டம் இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. பக்கங்களை இரட்டித்தார், 12, 24, 48, கடைசியில் 96. உள்ளேயும் வெளியேயும் இருந்த வேலிகள் நெருங்கி வந்தன. சுற்றளவு விட்டத்தைப் போல் மூன்றும் எழுபத்தொன்றில் பத்துப் பங்குக்கு மேல், மூன்றும் ஏழில் ஒரு பங்குக்குக் கீழ் என்று அறுதியிட்டார். நாம் பள்ளியில் பயன்படுத்தும் 22/7 அந்த மேல் எல்லைதான். சீனத்து லியூ ஹுய் கி.பி. 263இல் அதே ஆறுகோணத்தில் தொடங்கி 192 பக்கம் வரை சென்று 3.14 என்றார். ஆரியபட்டர், விட்டம் 20,000 என்றால் சுற்றளவு 62,832 என்றார். அது 3.1416. அதோடு அவர் நிற்கவில்லை. இது முடிந்த விடை அன்று, உண்மைக்கு அண்மையானது என்ற பொருள் தரும் சொல்லையும் சேர்த்தே எழுதினார்.

பலகோணங்களின் அளவைப் பட்டியலாகவே தந்தவர் இரண்டாம் பாஸ்கரர். 1150ஆம் ஆண்டு அளவில் அவர் எழுதிய 'லீலாவதி' இந்திய நாட்டில் பல நூற்றாண்டுகள் கணிதப் பாடநூலாக விளங்கியது. விட்டம் 1,20,000 அளவுள்ள ஒரு வட்டத்துக்குள் வரையப்படும் ஒழுங்குப் பலகோணங்களின் பக்கங்களை அதில் காணலாம். முக்கோணத்தின் பக்கம் 1,03,923. சதுரத்துக்கு 84,853. ஐங்கோணத்துக்கு 70,534. ஆறுகோணத்துக்கு 60,000. எண்கோணத்துக்கு 45,922. இக்காலக் கணிப்பொறியிலே போட்டுப் பார்த்தாலும் இவை கடைசி இலக்கம் வரை சரியாக வருகின்றன. எழுகோணத்துக்கும் ஒன்பது கோணத்துக்கும் மட்டும் 52,055, 41,031 என்று கூறியவை, உண்மையை விட 11 அளவு குறைவு. ஒரு இலட்சத்து இருபதாயிரத்தில் பதினொன்று! அதற்கும் காரணம் உண்டு. மற்ற வடிவங்களை அளவுகோலும் கவராயமும் கொண்டு மிகச் சரியாக வரையலாம். ஏழு பக்கமும் ஒன்பது பக்கமும் உள்ளவற்றை அந்த இரண்டு கருவிகளால் சரியாக வரையவே முடியாது. இது ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆறுகோணத்தின் எண்ணைக் கவனித்தீர்களா? விட்டம் 1,20,000, பக்கம் 60,000. மிகச் சரியாகப் பாதி. அதாவது ஆறுகோணத்தின் பக்கமும், நடுவிலிருந்து மூலைக்கு உள்ள தூரமும் ஒன்றே. ஆகவே ஆறுகோணத்தை வரைவதற்குக் கவராயத்தை ஒரு முறை விரித்தால் போதும். வட்டம் போட்ட அதே அகலத்தில் விளிம்பின்மேல் ஆறு முறை அடி எடுத்து வைத்தால், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம்.

பலகோண ஏணியின் உச்சியில் நம் அண்டை நாட்டார் ஏறினார்கள். கேரளத்தில் வாழ்ந்த மாதவரின் வழிவந்த ஜேஷ்டதேவர், 1530ஆம் ஆண்டை ஒட்டி மலையாள மொழியில் 'யுக்திபாஷா' என்ற நூலை எழுதினார். வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்து, மூலைகளை வெட்டி எண்கோணமாக்கி, மறுபடி வெட்டிப் பதினாறு கோணமாக்கிச் செல்லும் முறையை அதில் விளக்கினார். மாதவர் கண்டறிந்த, முடிவில்லாமல் நீளும் கூட்டல் தொடரையும் அதில் விளக்கினார். அதன் மூலம் பத்துப் பதின்ம இடங்கள் வரை சரியான விடையை அடைந்தார்கள். பாரசீகத்து அல்காஷி 1424இல், எண்பது கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பலகோணத்தைக் கணக்கில் கொண்டு பதினாறு பதின்ம இடங்கள் கண்டார்.

இவ்வளவும் பெரிய அறிஞர்களின் கதை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இனி சிலாங்கூருக்கே திரும்புவோம்.

செரண்டா வட்டாரம் ஈயத்தாலும் ரப்பராலும் வளர்ந்தது. மேற்கே கோல சிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, ஒரு தோட்டம் இருக்கிறது. அதன் பெயரே தமிழ்: தென்னமரம் தோட்டம். பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபோக்கோனியர் 1917இல் அங்கேதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. அங்கே ஊன்றிய கன்றிலிருந்து கிளைத்ததுதான் இன்று நாடெங்கும் காணும் செம்பனைக் காடு.

செம்பனையை எப்படி நடுகிறார்கள்? பெரும்பாலும் முக்கோண முறையில். ஒரு நிரையில் மரத்துக்கு மரம் 30 அடி. அடுத்த நிரையின் மரங்கள் நேர் எதிரே வராமல், இரண்டு மரங்களுக்கு நடுவே வரும். நிரைக்கும் நிரைக்கும் 26 அடி. இப்படி நட்டால் எந்த மரத்தை எடுத்தாலும் அதைச் சுற்றி ஆறு மரங்கள், ஆறும் அதே 30 அடி தூரத்தில் நிற்கும். வெயிலும் உரமும் எல்லா மரத்துக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இப்போது ஒரு மரத்துக்கு எவ்வளவு நிலம் சொந்தம் என்று பார்ப்போம். பக்கத்து மரத்துக்கும் அதற்கும் நடுவே, 15ஆவது அடியில் ஒரு எல்லைக்கோடு போடுங்கள். ஆறு பக்கமும் இப்படிப் போட்டால், மரத்தைச் சுற்றி ஓர் ஒழுங்கு ஆறுகோணம் உருவாகிவிடும். காடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத தேன்கூடு! அதன் நடுச்செங்குத்து 15 அடி. ஒரு பக்கம் ஏறத்தாழ 17.32 அடி. சுற்றளவில் பாதி மூன்று பக்கம், 51.96 அடி. பதினைந்தால் பெருக்கினால் ஏறத்தாழ 780 சதுர அடி. முப்பதை இருபத்தாறால் பெருக்கினாலும் அதே 780. இரண்டு வழியிலும் விடை ஒன்றாக வந்தால் கணக்குச் சரி.

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதை 780ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 56 மரம். அதே 30 அடியில் சதுரமாக நட்டிருந்தால் ஒரு மரத்துக்கு 900 சதுர அடி. ஏக்கருக்கு 48 மரமே. மீட்டர் கணக்கில் வேண்டுமானால், 9 மீட்டர் முக்கோண நடவில் நிரை இடைவெளி 7.8 மீட்டர், ஒரு மரத்துக்கு 70 சதுர மீட்டர், ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 142 மரம்.

இதன் பயனைப் பாருங்கள். நடவு முறையும் இடைவெளியும் தெரிந்தால், மரங்களை எண்ணியே பரப்பைச் சொல்லிவிடலாம். சங்கிலியும் வேண்டாம், சர்வே கருவியும் வேண்டாம். மரம் விழுந்த இடத்தையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, 30 அடி முக்கோண நடவில் 280 மரத்தடியைச் சுத்தம் செய்த ஒரு தொழிலாளி, "நான் முடித்தது ஐந்து ஏக்கர்" என்று உறுதியாகச் சொல்லலாம். பேரேட்டில் நான்கு என்று இருந்தால், "மரத்தை எண்ணிப் பார்ப்போம், வாருங்கள்" என்று அழைக்கலாம். சண்டை வேண்டாம், கணக்கே பேசும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மருந்து அடிக்கும்போது சில வேளைகளில் காடு முழுவதும் அடிக்காமல், மரத்தைச் சுற்றி வட்டமாக மட்டும் அடிப்பார்கள். நடுவிலிருந்து 6 அடி வட்டம் என்று கொள்வோம். விட்டம் 12 அடி. சுற்றளவு 22/7 மடங்கு, ஏறத்தாழ 37.7 அடி. கணக்கதிகார விதிப்படி பாதியைப் பாதியால் பெருக்கினால் 113 சதுர அடி. ஏக்கருக்கு 56 வட்டம். மொத்தம் 6,300 சதுர அடிக்குச் சற்று மேல். ஓர் ஏக்கர் நடந்தாலும் மருந்து விழுவது அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இடத்தில்தான். ஆகவே மருந்தின் அளவை இந்தப் பரப்புக்கு ஏற்பக் கலக்க வேண்டும். நடையையோ முழு ஏக்கருக்கும் கணக்கிட வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பினால் யாராவது ஒருவர் நட்டப்படுவார்.

மனிதன் கயிறு கட்டி அமைத்த இந்த ஆறுகோணத்தைத் தேனீ கயிறில்லாமல் கட்டுகிறது. இடைவெளியின்றித் தரையை நிரப்பக்கூடிய ஒழுங்குப் பலகோணங்கள் மூன்றே: முக்கோணம், சதுரம், ஆறுகோணம். நம் கோழிக்கூண்டுக் கணக்குப்படி, இம்மூன்றில் குறைந்த சுவரில் மிகுந்த இடம் தருவது ஆறுகோணம். கிரேக்க அறிஞர் பாப்பஸ் கி.பி. நான்காம் நூற்றாண்டிலேயே இதை எழுதினார். ஆனால் வளைந்தும் நெளிந்தும் உள்ள எல்லா வடிவங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் ஆறுகோண அடுக்கே சிக்கனமானது என்று முழுமையாக மெய்ப்பித்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ். ஆண்டு 1999. ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் காத்திருந்த கணக்கு அது.

நம் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கவேண்டும் என்று கூறியது. அப்படி எழுந்த பள்ளிகள் பலவற்றில், கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோதான் ஆசிரியர். எழுத்தும் கூட்டல் கழித்தலும் வந்தாலே பெரிது என்று எண்ணிய காலம். திண்ணையில் ஒலித்த குழிமாத்துக் கப்பலேறி வரவில்லை. நிலத்தில் உழைத்தவர்கள் வந்தார்கள். நிலத்தை அளக்கும் கணக்கு ஊரிலேயே தங்கிவிட்டது. இன்று செரண்டா வட்டாரத்தில் பழைய தோட்டங்கள் பல, வீடமைப்பு இடங்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. மனைக்கட்டு வாங்கினாலும், தரைக்குச் சிமெண்டுக் கல் பதித்தாலும், தண்ணீர்த் தொட்டி கட்டினாலும், பரப்புக் கணக்கு கூடவே வருகிறது. கொத்தனார் சொன்ன எண் சரியா, நிலம் விற்பவர் சொன்ன எண் சரியா என்று பார்க்க அதே விதிதான் உதவுகிறது.

பெற்றோர்களே, இன்று இரவு பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு கணக்குக் கொடுங்கள். எட்டுப் பக்கமுள்ள ஓர் ஒழுங்கான தண்ணீர்த் தொட்டி. ஒரு பக்கம் 5 அடி. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 அடி. அடித்தளத்தின் பரப்பு என்ன? சுற்றளவு 40, அதில் பாதி 20. அகலத்தில் பாதி 6. விடையைப் பிள்ளையே சொல்லட்டும். சொன்ன பிறகு, "ஏன் பாதியைப் பாதியால் பெருக்கினாய்?" என்று கேளுங்கள். தாளை எடுத்து, நடுவில் புள்ளி வைத்து, எட்டு முக்கோணம் வரைந்து காட்டினால், அந்தக் கணக்கு இனி அந்தப் பிள்ளைக்குச் சொந்தம்.